கட்டிப்போட்ட காற்றாடி

கிள்ளானில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை தண்ணீர் பம்பு செய்வது. எண்பதுகளின் நடுவில் அதன் முதலாளிக்கு, நாங்கள் தவுக்கே என்போம், புதிதாக ஒரு யோசனை வந்தது. மின்சாரக் கம்பி எட்டாத தீவுகளுக்கும் மீனவர் குடியிருப்புகளுக்கும், காற்றில் சுற்றி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் இயந்திரம் செய்து விற்கலாம் என்று நினைத்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வரைபடம் கொடுத்தது. முதலில் ஒன்றே ஒன்றைச் செய்து சோதிக்க வேண்டும். அது தேறினால் தொடர்ந்து செய்யலாம்.

அந்த ஒன்றைச் சோதித்தவர்களில் நானும் ஒருவன். சோதித்தவன் என்று சொல்லிக்கொள்வதே பெரிய வார்த்தைதான். நான் லோரி கெலிண்டான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்குகிறவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் யாரும் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பது எனக்கு எப்போதும் வராத காரியம். கடையில் மிச்சச் சில்லறை குறைந்தால்கூட எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்று குறைவு. வெயிலும் மழையும்தான் மாறி மாறி வரும். அதனால் இன்ஜினியர் ஒரு வழி கண்டுபிடித்தார். லோரியின் பின்தட்டில் குட்டையான இரும்புத் தூண் நட்டு, அதன் தலையில் இயந்திரத்தை மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை, போர்ட் கிள்ளான் பக்கம் கிடங்குகளுக்கு நடுவே வளைவில்லாமல் ஓடும் சாலையில் லோரியை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார். லோரி ஓடினால் எதிர்க்காற்று அடிக்கும், காற்றாடி சுற்றும். எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று அவர் முன்னால் உட்கார்ந்து மீட்டரைப் பார்ப்பார். நான் பின்தட்டில் தூணைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

டிரைவர் அண்ணன் வாயை மூட மாட்டார். முதல் நாளே தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"டேய், ஊரு ஒலகத்துல காத்தடிச்சா காத்தாடி சுத்தும். நம்ம தவுக்கே டீசல் ஊத்திக் காத்து வாங்குறாரு லா!"

கிடங்கு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "அண்ணே, எப்ப மேல கெளம்பும்?" என்று ஒருவர் கேட்டார். ஹெலிகாப்டர் என்று நினைத்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தலைக்கு மேல் மூன்று இறக்கைகளும் ஒன்றாகிக் கலங்கிய வட்டமாகச் சுற்றும்போது, அந்தத் தூணின் நடுக்கம் என் நெஞ்சுக்குள் இறங்கும். வெட்கத்தை அது அமுக்கிவிடும். மூட்டை தூக்கிய வருஷங்களில் எந்தச் சாமானும் என்னை அப்படித் தொட்டதில்லை.

இன்ஜினியர் பிரிக்பீல்ட்ஸ்காரர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலையில் எல்லாரும் என்னை "டேய்" என்பார்கள். அவர் ஒருவர்தான் "நீர்" என்று பேசினார், "ஐசே" என்று கூப்பிட்டார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் கேரியரைத் திறந்து புட்டில் பாதியை என் பக்கம் தள்ளுவார். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கியும் சொன்னார்.

"லோரிக் காத்து நேர்க்காத்து ஐசே. ஒரே பக்கத்தால வரும், சொன்ன வேகத்தில வரும். உண்மையான காத்து அப்பிடியில்லை. சுழட்டி அடிக்கும். அண்டைக்குத்தான் இந்த வாலுக்குச் சோதினை."

இயந்திரத்தின் பின்னால் தகரத்தில் செய்த வால் ஒன்று இருந்தது. சாதாரணக் காற்றில் அது இயந்திரத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடிக்கும். புயல் மாதிரிக் காற்று அடித்தால் வால் தானாகவே மடங்கி, இயந்திரம் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி இறக்கை பிய்ந்து போகும். தீவில் இருக்கும் மீனவர் புயல் நேரத்தில் தூணருகே ஓடி வர முடியாது. அதனால் யாரும் கை வைக்காமல் அது தன்னையே காப்பாற்றிக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. வெளிநாட்டுக் கம்பெனி பிடிவாதமாகக் கேட்டதும் அது ஒன்றைத்தான். ஆள் கையால் நிறுத்தவும் வழி இருந்தது. வாலிலிருந்து தூண் வழியாகக் கீழே ஒரு கயிறு வரும். இழுத்துக் கட்டினால் வால் மடங்கி இயந்திரம் நின்றுவிடும்.

அந்தச் சோதனைக்குக் கடலோரத்தில் திறந்த வெளி தேவைப்பட்டது. போர்ட் கிள்ளானைத் தாண்டி, அரசாங்க நிலத்தில் தகரம் அடித்துக் குடியேறியவர்களின் கம்பத்தில் நான் இருந்தேன்; குடியிருப்பை இங்கே கம்பம் என்பார்கள். எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் பொட்டல், அதற்கப்பால் சேறு, அதற்கப்பால் கடல். நான் எப்போதோ சொன்னதை இன்ஜினியர் ஞாபகம் வைத்திருந்தார். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "இதுதான் இடம்" என்றார்.

"கோயில் ஆக்களிட்ட நீர்தான் கேக்க வேணும்."

"சார், எனக்குக் கூட்டத்துல பேச வராது."

"இப்பிடிச் சொல்லும். சோதினை நடக்கிற காலம் முழுக்கக் கோயிலுக்கும் முன்வரிசை வீடுகளுக்கும் லைட். தேறிட்டுதெண்டால் இந்த முதல் மெஷின் கம்பத்துக்கே. தவுக்கே ஓமெண்டு சொல்லிப்போட்டார்."

எங்கள் கம்பத்தில் அப்போது மின்சாரம் இல்லை. பெரிய சாலை வரைக்கும் கம்பி வந்திருந்தது. பட்டா இல்லாத வீடு என்பதால் உள்ளே வரவில்லை. மண்ணெண்ணெய் விளக்குதான். வசதியுள்ளவர்கள் கார் பேட்டரி வாங்கி, சைக்கிளில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்து டிவி பார்ப்பார்கள். படம் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். கடைசியில் என்ன ஆனதென்று மறுநாள் பக்கத்துக் கம்பத்தில் விசாரிப்போம்.

கோயில் கூட்டத்தில் நான் எழுந்து நின்றது அது ஒரு தரம்தான். இன்ஜினியர் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்பித்தேன். கோயில் தலைவர் துறைமுகத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர், கனத்த குரல்காரர்.

"தேறினா நமக்கேவா? நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்ண்ணே."

"நீ பேசுறதே அதிசயம். அதனால நம்புறேன். ஆனா பேச்சு மாறிச்சின்னா உன்னைத்தான் கேப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு என் புருசன் மைக் பிடிச்சாரு" என்று என் மனைவி அடுத்த வீட்டக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மைக்கெல்லாம் கிடையாது. ஆனால் அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

தூணை நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். கோயில் மடப்பள்ளியில் லோரி பேட்டரிகளை அடுக்கி, அங்கிருந்து வீடுகளுக்கு ஒயர் போனது. பல்புகளை நானே வீடு வீடாகப் போய் மாட்டினேன். தூணின் அடியில் ஒரு பெட்டி. அதற்குள் காகிதச் சுருள் மெதுவாக நகரும். இரண்டு பேனா முனைகள் அதில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று காற்றின் வேகம், இன்னொன்று இயந்திரம் சுற்றும் வேகம். லோரி வேலையிலிருந்து என்னை எடுத்துத் தூணுக்குக் காவல் போட்டார்கள். ஜாகா என்று பேர். கயிற்றை அநாவசியமாகத் தொடக் கூடாது என்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் உத்தரவு.

முதல் சாயங்காலம் கோயிலில் பல்பு எரிந்தபோது பூசாரி அம்மனுக்கு ஒரு தரம், பல்புக்கு ஒரு தரம் தீபம் காட்டினார். பிறகு மாதக்கணக்கில் மெல்லிய காற்றுதான். பகலில் கடற்காற்றில் கொஞ்சம் சுற்றும், ராத்திரி மங்கலாக எரியும். காற்றில்லாத நாட்களில் பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும்.

"என்ன தம்பி, உன் காத்தாடி பசியோட இருக்கா?" என்று அடுத்த வீட்டக்கா கேட்பாள்.

"ஊதி விடுங்கக்கா."

"நான் ஊதுனா ஒன் கம்பெனி எனக்கு ஓட்டி குடுக்குமா லா?"

ஓவர்டைமை நாங்கள் ஓட்டி என்போம். கேலி பேசினாலும் யாரும் பல்பைத் திருப்பித் தரவில்லை. மங்கல் வெளிச்சத்தையும் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் அதில் படித்தார்கள். பல்புக்கு அடியில் இலையை விரித்துச் சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை அதற்கு நேர்கீழே உட்கார வைத்தார்கள்.

இன்ஜினியர் வாரம் ஒரு முறை வருவார். காகிதத்தை மாற்றுவார். கோடுகள் எல்லாம் தாழ்வாகவே இருந்தன. எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது, பலத்த காற்று ஒன்று மட்டும்தான் பாக்கி என்பார். சுமத்ராப் பக்கத்திலிருந்து சில நாள் காலையில் கறுத்த மேகம் கட்டிக்கொண்டு வந்து அடிக்கும் காற்று உண்டு. மீன்காரர்கள் அதைச் சுமத்ரா என்றே சொல்வார்கள். அந்த வருஷம் அது எங்களை விட்டு விலகி விலகியே போனது. வெளிநாட்டுக் கம்பெனி ஆள் வருஷக் கடைசியில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. நான் தினமும் விழித்ததும் மேற்கே பார்ப்பேன். மற்றவர்கள் தங்கள் கூரையை நினைத்து, காற்று வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். நான் மட்டும் வர வேண்டும் என்று வேண்டினேன். அதை யாரிடமும் சொல்ல முடியுமா?

ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை. கம்பத்தில் சைக்கிள், தையல் மிஷின், மண்வெட்டி, லோரி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக நிறுத்திப் பொட்டு வைப்பார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொட மாட்டார்கள். மறுநாள்தான் எடுப்பார்கள். காற்றாடியும் வரிசையில் சேர்ந்துவிட்டது. தூணுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள். இன்ஜினியர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். டிபன் கேரியரில் சர்க்கரைப் பொங்கல். அவருடைய காரில் மாலை தொங்கியது. மேலே காற்றாடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன ஐசே, இது ஓடுது? பூசையண்டைக்கு ஆயுதத்தை ஓட விடுறதோ? கயித்தை இழுத்துக் கட்டும்."

"கட்டலாமா சார்? காத்து வந்தா..."

"இண்டைக்கு ஒரு நாள்தானே. கட்டும்."

கட்டினேன். இயந்திரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. தலைவர் தலையை ஆட்டினார். "படிச்சவருன்னாலும் சம்பிரதாயம் தெரிஞ்சவரு." டிரைவர் அண்ணனும் லோரிக்குப் பொட்டு வைக்க வந்திருந்தார். என் காதருகே குனிந்து, "அவரு காரு காலையிலேயே பூஜை முடிஞ்சி ரோட்டுல ஓடி வந்துருச்சி. நம்ம காத்தாடிக்கு மட்டும் ரெஸ்டா?" என்றார்.

பூசாரி தேங்காய் உடைக்கும்போது மேற்கே பார்த்தேன். கடலும் வானமும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் எழுந்திருந்தது. அது எங்களை நோக்கித்தான் வந்தது. இந்தத் தடவை விலகிப் போகவில்லை. நான் இன்ஜினியரின் அருகே போய், "சார், சுமத்ரா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"அவுத்துரவா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பூசாரி சொன்னார்: "இன்னும் தீபாராதனை ஆகல. அதுக்குள்ள யாரும் தொடக் கூடாது. நாளைக்கு நல்ல நேரம் பாத்துத்தான் அவுக்கணும்."

"ஏய், காத்து வருது, கட்டுனத அவுக்கப் போறியா? கிறுக்கா ஒனக்கு?" என்றார் தலைவர்.

இன்ஜினியர் தலைவரைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "பொறும்," என்றார் என்னிடம். "கற்பூரம் காட்டி முடியட்டும். முடிஞ்ச உடன அவுப்பம்."

முதல் காற்று வந்து கற்பூரத்தை அணைத்தது. பூசாரி மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது. பெண்கள் முந்தானையை விரித்துச் சுற்றி நின்றார்கள். ஒருவர் குடையைக் கொண்டுவந்து மறைத்தார், குடை தலைகீழாகத் திரும்பியது. கற்பூரம் எரிந்தால்தான் பூஜை முடியும், பூஜை முடிந்தால்தான் கயிற்றை அவிழ்க்கலாம். காற்று அடித்தால் கற்பூரம் எரியாது. எந்தக் காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோமோ அதுவே வந்து தீக்குச்சி தீக்குச்சியாக அணைத்துக்கொண்டிருந்தது. நான் தூணடியில் நின்றேன். முடிச்சு என் கை எட்டும் தூரத்தில் இருந்தது. இன்ஜினியர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு காற்று முழுசாக இறங்கியது. தகரங்கள் பறந்தன. கோயில் பந்தல் எழும்பிச் சேற்றில் போய் விழுந்தது. எல்லாரும் கோயிலுக்குள் ஓடினார்கள். நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். மழை கண்ணில் குத்தியது. இறக்கைகள் ஆடின, சுற்றவில்லை. லோரியில் நின்ற நாட்களில் தெரிந்த அந்த நடுக்கம் தூணில் இல்லை. வெறும் இரும்பு.

மழை விட்டதும் ஆட்கள் வெளியே வந்தார்கள். முன்வரிசையில் இரண்டு வீட்டுக்குக் கூரை இல்லை. ஆனால் காற்றாடி அசையாமல் நின்றது. தலைவர் ஓடிவந்து தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தீங்களா! கட்டி வச்சோம், தப்பிச்சிருச்சி! அவுத்துருந்தா இந்நேரம் கடல்ல கெடக்கும். அம்மா நம்ம காத்தாடியக் காப்பாத்திட்டா!"

பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ என் நெற்றியில்கூடக் குங்குமம் வைத்தார்கள். இன்ஜினியர் பெட்டியைத் திறந்து காகிதத்தைப் பார்த்தார், மூடினார். அவருடைய விபூதி மழையில் கரைந்து மூக்கில் ஒழுகியிருந்தது. "இன்னொரு காத்து வரும் ஐசே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பொங்கலை யாரும் சாப்பிடவில்லை, மழை விழுந்துவிட்டது.

இன்னொரு காற்று வரவில்லை. வருஷக் கடைசியில் தவுக்கேயும் வெளிநாட்டுக் கம்பெனி ஆளும் வந்தார்கள். கம்பெனி ஆள் உயரமான இளைஞர், சேற்றில் கால் வைக்கப் பயந்து பலகை மேல் நடந்தார். கூட இன்ஜினியர். அன்று அவர் நெற்றி வெறுமையாக இருந்தது. கம்பத்து ஆட்கள் கோயில் வாசலில் கூடி நின்றார்கள். தலைவர் வேட்டியும் துண்டுமாக வந்து, எல்லாருக்கும் இளநீர் வெட்டி வைத்திருந்தார்.

வெளிநாட்டு ஆள் காகிதச் சுருளை விரித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றுவிட்டார். காற்றின் கோடு மேலே மேலே ஏறிக் காகிதத்தின் விளிம்பைத் தொட்டிருந்தது. அதற்குக் கீழே இயந்திரத்தின் கோடு அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராகக் கிடந்தது. அவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். தவுக்கே மலாயில் கேட்டார்.

"சியாப்பா இக்காட்?"

யார் கட்டியது? எனக்குப் புரிந்தது. நான் இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் காகிதத்தைப் பார்த்தபடி மலாயிலேயே பதில் சொன்னார். அது ஜாகாவின் கம்பத்து ஆட்களின் பழக்கம், அன்று அவர்களுக்கு ஏதோ சாமி கும்பிடு, அவர்கள் கட்டிவிட்டார்கள் என்றார்.

அவர்கள். சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தவர், காருக்கு மாலை போட்டவர், கட்டும் என்று வாயால் சொன்னவர், அவர்கள் என்றார். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். கேட்கட்டும் என்றோ கேட்காது என்றோ அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. நான் அங்கே நிற்பதே அவர் கணக்கில் இல்லை.

தவுக்கே கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கேவலம். இடுப்பில் கை வைத்து மேலே பார்த்துச் சிரித்தார். காற்று மழை எல்லாம் வந்திருக்கிறது, நம் விசிறி மட்டும் தூங்கியிருக்கிறது என்று மலாயில் சொன்னார். வெளிநாட்டு ஆளும் சிரித்தார். இன்ஜினியரும் சிரித்தார். என் வாயில் மலாய் வார்த்தை தயாராக இருந்தது. டியா சுரோ, இவர்தான் கட்டச் சொன்னார். இரண்டே வார்த்தை. அவற்றை நாக்கிலேயே வைத்துக்கொண்டு இளநீர்த் தட்டை நீட்டினேன்.

முடிவை டிரைவர் அண்ணன்தான் கொண்டுவந்து சொன்னார். இயந்திரம் செய்யப் போவதில்லை. வெளிநாட்டுக் கம்பெனி விலகிக்கொண்டது. "கயிறெல்லாம் சாக்கு லா. பம்பே போக மாட்டேங்குது, இவனுங்க காத்தாடி செஞ்சி கிழிப்பானுங்களா? மொதல்லயே கைவிட்டுட்டானுங்க, ஒரு காரணம் வேணும், கெடச்சிருச்சி" என்றார். இருக்கலாம். அந்த வருஷங்களில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆள் குறைத்துக்கொண்டிருந்தன. காற்றாடி புயலைச் சமாளித்திருந்தாலும் அவர்கள் வேறு காரணம் தேடியிருப்பார்களோ என்னவோ. அது யாருக்கும் தெரியாமலேயே போய்விட்டது. அந்த வால் தானாக மடங்கியிருக்குமா, மடங்கியிருக்காதா? இன்று வரை எனக்கு ஆறாதது அதுதான்.

கம்பத்தில் அவ்வளவு யோசிக்கவில்லை. தலைவர் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டுவிட்டார். பூசாரியும் இருந்தார்.

"தேறல, அதனால கெடையாதுங்கிறான். ஏன் தேறல?"

"அன்னிக்குக் கயிறு கட்டியிருந்துச்சிண்ணே. அதான்."

"கட்டுனது யாரு?"

"நான்தான். சார் சொல்லி..."

"நீதான?"

"நீங்களும்தான் அவுக்க வேணாம்னு..."

"நாங்க சொன்னா? நாங்க ஆயிரம் சொல்லுவோம். நாங்க சாமி கும்புடுறவங்க. கம்பெனி ஆளு நீயா நாங்களா? அவுக்கணும்னா அவுத்துருக்க வேண்டியதுதான?"

பூசாரி விபூதித் தட்டை இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மன் காப்பாற்றினாள் என்று தூணைத் தொட்டுக் கும்பிட்டதை அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை. "கூட்டத்துல எந்திரிச்சிப் பேசுனப்பவே நெனச்சேன்" என்று தலைவர் முடித்தார். என்ன நினைத்தார் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கம்பத்தில் கயிறு என்றே பேர். "கயிறு வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

இயந்திரத்தை இறக்க இன்ஜினியர் வரவில்லை. லோரியும் டிரைவர் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். என்னை மறுபடி கெலிண்டானாக்கியிருந்தார்கள். அதனால் இறக்குவதும் என் வேலை. நட்டவனுக்குத்தான் தெரியும் எந்தக் கம்பியை முதலில் தளர்த்துவது என்று. தூணைச் சாய்த்துப் பொட்டலில் படுக்க வைத்தோம். தூக்கி நட்ட அன்று கம்பமே கூடிக் கை கொடுத்தது. சாய்த்த அன்று ஒருவரும் கிட்டே வரவில்லை. வாசலில் நின்று பார்த்தார்கள்.

சாமான் எல்லாம் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும் என்று டிரைவர் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே பேட்டரி, ஒயர், பல்பு எல்லாம். நான் அட்டைப் பெட்டியோடு வீடு வீடாகப் போனேன். அடுத்த வீட்டக்கா ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் ஏறிக் கழற்றும்வரை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து, சூடாயிருக்கப் போவுது" என்றாள். பல நாளாக எரியாத பல்பு அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. இன்னொரு வீட்டில் பெரியவர் ஒருவர் தானே கழற்றி, துணியால் துடைத்து, நான் உள்ளே வராமல் வாசலிலேயே வாங்கிக்கொள்ளும்படி நீட்டினார்.

என் வீட்டுக்குக் கடைசியில் போனேன். வரிசை அப்படித்தான் இருந்தது. ஆனால் பின்னால் ஒருவர், "தன் வீட்டு லைட்ட மட்டும் கடேசியில கழட்டுறான் பாரு" என்று சொல்வது கேட்டது. என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள்.

"அந்தத் தவுக்கே கேட்டப்ப ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாய் வரல. வீடு வீடாப் போயி பல்பு கழட்ட மட்டும் கை வருதா?"

எங்கள் பிள்ளை அழுதது. நான் ஸ்டூல் போடாமல் எட்டிக் கழற்றினேன்.

பல்பு உடையக் கூடாதே என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளான் வரை பின்தட்டில் உட்கார்ந்து வந்தேன். பக்கத்தில் காற்றாடி படுத்திருந்தது. இறக்கைகளைக் கயிற்றால் கட்டியிருந்தோம், ஆனாலும் எதிர்க்காற்றில் அவை திமிறிக்கொண்டே வந்தன.

தொழிற்சாலை ஸ்டோரில் இருந்தவர் தமிழர்தான். பேட்டரிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்ததையும், பல்புப் பெட்டியை மேலே வைத்ததையும் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"இதெல்லாம் எதுக்கு லா கொண்டாந்தீங்க? பழைய பேட்டரி. இங்க யாரு கேட்டா? அந்தக் கம்பத்துலேயே விட்டுட்டு வந்துருக்கலாம்ல. டிவியாச்சும் பாத்துருக்கும் ஜனங்க."

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். எடுத்துத் திரும்ப லோரியில் ஏற்றலாமா என்று அவர் கண் கேட்டது. அதற்கு யாரிடமாவது போய் அனுமதி கேட்க வேண்டும். ஆபீஸ் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இன்ஜினியர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த லோடு பம்பு ஏற்றப் போனேன்.